மார்த்தாண்டத்துத் தேன்பெட்டி

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், தக்கலையைக் கடந்து மேலும் சிறிது தொலைவு சென்றால் மார்த்தாண்டம் வரும். தொடுவெட்டி என்பது இவ்வூரின் பழைய பெயர். முதியோர் சிலர் சந்தைக்குப் போவதை இன்றும் "தொடுவெட்டிக்குப் போறேன்" என்றே சொல்லக் கேட்கலாம். சாலையின் மேலே இப்போது நீண்டதோர் மேம்பாலம் எழுந்துள்ளது. அதன் கீழே வாழைக்குலைகளும் மரச்சீனிக் கிழங்கும் கருப்பட்டிச் சில்லுகளும் பலாப்பழங்களும் குவிந்து கிடக்கின்றன. ஊரை அடுத்து மேற்கு நோக்கி ஓடுகிறது குழித்துறை ஆறு. நெல்லைச் சீமையின் தாமிரபரணி வேறு, இது வேறு. ஆயினும் பெயர் என்னவோ இதற்கும் தாமிரபரணிதான்.

இவ்வூரின் கடைகளில் புட்டி புட்டியாக அடுக்கி வைத்திருக்கும் தேனை வழிப்போக்கர் எவரும் காணாமல் போக முடியாது. வாங்கிச் செல்வோர் பலர். ஆனால் அப்புட்டிக்குப் பின்னால் நூறாண்டுக் கதையொன்று உண்டு என்பதையும், அக்கதை வேளாண் விரிவாக்கப் பாடநூல்களில் இடம்பெற்று உலகின் வேறு கண்டங்களுக்கும் சென்றது என்பதையும் அறிந்தோர் சிலரே. ஏழை நாடுகளின் சிற்றூர்களுக்குச் சிறு தொழில்நுட்பங்களைக் கொண்டு செல்வது எப்படி என்று அறிஞர்கள் மாநாடு கூட்டி விவாதிக்கிறார்கள். அந்தக் கேள்விக்கு விடையாக ஒரு மரப்பெட்டி இம்மாவட்டத்து வீட்டுப் புழக்கடைகளில் நான்கு கால்களில் நிற்கிறது. அதைக் காணவே சென்றிருந்தோம்.

சிறிய ஈக்குச் சிறிய வீடு

தேன் நம் நாட்டுக்குப் புதிதன்று. மலைத்தேனீ, கொம்புத்தேனீ, அடுக்குத்தேனீ, கொசுத்தேனீ என நால்வகைத் தேனீக்களை நம் முன்னோர் அறிந்திருந்தனர். மலைத்தேனீயும் கொம்புத்தேனீயும் திறந்த வெளியில் ஒற்றை அடை கட்டுவன. அவற்றைப் பெட்டியில் பழக்க இயலாது. அடுக்குத்தேனீயோ மரப்பொந்திலும் சுவர்ப்பொந்திலும் இருளை நாடிப் பல அடைகளை வரிசையாகக் கட்டும். ஆகவே அதனை மண்பானையில் குடியேற்றலாம்; குடைந்த மரத்துண்டிலும் குடியேற்றலாம். இவ்வாறு குடியேற்றி வைக்கும் வழக்கம் பண்டு தொட்டே பல இடங்களில் இருந்தது. தேன் எடுக்கும் முறைதான் கொடிது. இரவில் பந்தம் கொளுத்தி, ஈக்களைச் சுட்டும் விரட்டியும், அடை முழுவதையும் அறுத்தெடுத்துக் கையால் பிழிவார்கள். தேனோடு புழுவும் மகரந்தமும் மெழுகும் கலந்து வரும். சில நாளில் புளித்தும் போகும். குடும்பம் அழிந்த ஈக்கூட்டம் மறு ஆண்டு தேன் தருவதற்கு இல்லை.

இந்நிலையை மாற்றிய கருத்து அமெரிக்காவில் பிறந்தது. லாங்ஸ்ட்ராத் என்னும் போதகர் 1851-இல் ஒரு நுட்பத்தைக் கவனித்தார். அடைக்கும் அடைக்கும் நடுவே, அடைக்கும் சுவருக்கும் நடுவே, தேனீ தான் நடமாடுவதற்கென ஒரு குறிப்பிட்ட இடைவெளியை விட்டுவைக்கிறது. அது ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவானது. அதற்கு மேற்பட்ட இடம் இருந்தால் அங்கே புதிதாய் அடை கட்டிவிடும், குறைந்தால் அடைத்துவிடும். சரியாக அந்த அளவு விட்டு மரச்சட்டங்களைத் தொங்கவிட்டால் ஈ ஒவ்வொரு சட்டத்திலும் தனித்தனியே அடை கட்டும். எந்தச் சட்டத்தையும் ஈயைக் கொல்லாமல், கூட்டைச் சிதைக்காமல், புத்தகத்தின் தாளைப் புரட்டுவது போல எடுத்துப் பார்த்துத் திருப்பி வைக்கலாம். நவீனத் தேனீ வளர்ப்பு முழுவதும் இந்த விரற்கடை இடைவெளியின் மீதே நிற்கிறது என்றால் மிகையன்று. 1865-இல் ருஷ்கா என்பவர் சுழற்றித் தேன் பிரிக்கும் கருவியைக் கண்டார். மூடிய தேனறைகளின் மேல்மெழுகைக் கத்தியால் சீவி, சட்டத்தைக் கருவியில் வைத்துச் சுழற்றினால் தேன் தெறித்து வெளியே வரும். அடை அப்படியே நிற்கும். மெழுகைச் சுரக்கத் தேனீ அம்மெழுகின் எடையைப் போலப் பன்மடங்கு தேனை உண்ண வேண்டியிருப்பதால், அடையைத் திருப்பித் தருவது ஈக்குச் செய்யும் பேருதவி, நமக்கும் இலாபம்.

இக்கருவிகளை இந்தியாவுக்குக் கொண்டுவரும் முயற்சி 1882-இல் வங்காளத்திலும் 1883-இல் பஞ்சாபிலும் நடந்தது. பெரிய பயன் விளையவில்லை. மேல்நாட்டுப் பெட்டி மேல்நாட்டு ஈக்கு அளந்து செய்தது. நம் அடுக்குத்தேனீயோ உருவிலும் சிறிது, கூட்டத்திலும் சிறிது. அவ்வளவு பெரிய வீட்டை அதனால் நிரப்பவும் இயலாது, காக்கவும் இயலாது. ஆளில்லாத மூலைகளில் மெழுகு அந்துப்பூச்சி நுழைந்து அடையை அரித்துவிடும். ஈக்கூட்டம் வீட்டை விட்டே ஓடிப்போகும். கருவியைக் கொண்டுவந்தவர் கருவியைக் குறை கூறவில்லை. இந்த நாட்டு ஈ சோம்பேறி, நிலையற்றது என்றே எழுதி வைத்தனர். இத்தகைய தீர்ப்பை நாம் வேறு இடங்களிலும் கேட்டிருக்கிறோம் அல்லவா? வெளியிலிருந்து வந்த திட்டம் தோற்றால், குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்படுபவர் எப்போதும் கிராமத்தாரே.

தென்னகத்தில் இதை வேறு கண்ணால் பார்த்தவர் ஒரு கத்தோலிக்கக் குரு. அவர் பெயர் அருட்தந்தை நியூட்டன். ஈயைப் பெட்டிக்கு ஏற்ப மாற்ற முயலாமல், பெட்டியை ஈக்கு ஏற்ப அவர் மாற்றினார். கீழே ஏழு சட்டங்கள் கொண்ட புழு அறை. அதன் மேல் பாதி உயரமே உள்ள தேன் அறை. அடியில் ஒரு பலகை, தலையில் இருபுறமும் சரிந்த கூரை. புழு அறைச் சட்டம் ஏறத்தாழ எட்டு அங்குல நீளமும் ஆறு அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த உயரமும் உடையது. அமெரிக்கச் சட்டத்தின் நீளத்தில் பாதிக்கும் குறைவு. 1911 முதல் 1917 வரை அவர் பலருக்கு இத்தொழிலைக் கற்பித்தார். நியூட்டன் பெட்டி என்ற பெயரிலேயே அது நூல்களில் நிலைத்துவிட்டது. உள்ளூர்த் தச்சர் உள்ளூர்ப் பலகையில் செய்துவிடக் கூடியது என்பது அதன் தனிச்சிறப்பு. கப்பலில் எதுவும் வரவேண்டியதில்லை.

குருக்களுக்கும் தேனீக்கும் உள்ள உறவு நெடியது என்பதை இடையே சொல்லிவைக்கலாம். திருப்பலிக்குத் தேன்மெழுகுத் திரி வேண்டும் என்ற பழைய ஒழுங்கினால் ஐரோப்பிய மடங்கள் தோறும் தேன்கூடுகள் இருந்தன. பாஸ்கா திருவிழிப்பின் இலத்தீன் புகழுரை தேனீயின் உழைப்பை நினைவுகூர்கிறது. தேனீ வளர்ப்போரின் பாதுகாவலராகக் கொண்டாடப்படும் புனித அம்புரோசின் திருநாள் டிசம்பர் 7. ஆனால் நம் பங்குகளில் எத்தனை பேர் அதை அறிவோம்?

வழி காட்டிய நிலையம்

பெட்டி ஒன்று, அதை ஏழையின் வீட்டுக்குக் கொண்டு சேர்ப்பது மற்றொன்று. இரண்டாவது பணியே கடினமானது. அதைச் செய்தவர்கள் நம் பிரிந்த சகோதரர்கள் என்பதை நன்றியுடன் சொல்ல வேண்டும். ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்தின் தலைவராய் விளங்கிய சேலத்துத் தமிழர் கே. டி. பால், நகரத்து இளைஞர் சங்கம் கிராமத்துக்குச் செல்லாவிட்டால் இந்தியாவில் அதற்கு வேலையில்லை என்று கருதியவர். அந்த எண்ணத்தின் வழியில் 1920-களில் மார்த்தாண்டத்தில் ஒரு கிராமப் புனரமைப்பு நிலையம் எழுந்தது. அப்போது இப்பகுதி திருவிதாங்கூர் மன்னராட்சியில் இருந்தது; 1956 நவம்பர் 1-ஆம் நாள்தான் தமிழகத்தோடு இணைந்தது.

நிலையத்தை நடத்தியவர் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர். கார்னெல் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை விரிவாக்கம் பயின்றவர். ஆன்மா, அறிவு, உடல், சமுதாயம், பொருளாதாரம் என்ற ஐந்தும் ஒருங்கே வளர வேண்டும் என்பது அவர் திட்டம். கோழி, தேனீ, நெசவு, பனைவெல்லம், நல்லினக் காளை எனப் பலவற்றை அங்கே செய்து காட்டினர். அவர் கடைப்பிடித்த கொள்கை எளியது: மக்கள் தம் காரியத்தைத் தாமே செய்யட்டும், நாம் அருகிருந்து ஆலோசனை சொல்வோம். நிலையத்தில் காட்டும் எந்தக் கருவியும் மிக ஏழையான குடியானவன் தன் வீட்டில் செய்துகொள்ளக் கூடியதாய் இருக்க வேண்டும். ஏழையால் பின்பற்ற முடியாத மாதிரிப் பண்ணை எவ்வளவு அழகாயினும் அது வெறும் காட்சி.

இன்னொன்றையும் அவர்கள் மறக்கவில்லை. முட்டையும் தேனும் பெருகினால் போதாது. அவற்றை விற்க வழி வேண்டும். தனி ஒருவன் இரண்டு புட்டித் தேனைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போனால் தரகன் சொன்னதே விலை. ஆகவே முட்டை விற்போரும் தேன் விற்போரும் சங்கமாய்ச் சேர்ந்தனர். இந்நாட்டு விடுதலைக்கு முன்பே இங்கு வேரூன்றிய கூட்டுறவு வழக்கம் இன்றளவும் மார்த்தாண்டத்துத் தேன் வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கத்தில் வாழ்கிறது. நியூட்டன் தந்தது பெட்டி என்றால், ஹாட்சும் அவரோடு உழைத்த உள்ளூர்த் தொண்டர்களும் தந்தது அப்பெட்டியைச் சுற்றி நிற்கும் மனிதக் கூட்டம். எனது கருத்தில் பின்னதே பெரிது.

ரப்பர் நிழலில்

மார்த்தாண்டத்திலிருந்து அருமனை, களியல் வழியாகக் கடையாலுமூடு நோக்கிப் பேருந்தில் சென்றோம். மாதம் பெப்ருவரி. சமவெளியின் தென்னையும் வாழையும் மெல்ல மெல்லப் பின்தங்க, இருபுறமும் ரப்பர்த் தோட்டம் ஏறுகிறது. வரிசை வரிசையாய் நிற்கும் மரங்கள், ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு சிரட்டை. டிசம்பர், ஜனவரியில் இலையுதிர்த்த மரங்கள் அப்போதுதான் தளிர்த்திருந்தன. செம்பழுப்பும் இளம்பச்சையுமாய்க் காடே மினுமினுத்தது.

ரப்பர்த் தேன் என்றதும் ரப்பர்ப் பூவின் தேன் என்றே நம்மில் பலர் எண்ணுவோம். அன்று. ரப்பர் இலை மூன்று சிற்றிலைகளாய்ப் பிரியும் இடத்தில், காம்பின் நுனியில், சிறு சுரப்பிகள் உள்ளன. தளிர் முற்றும் பருவத்தில் அவற்றிலிருந்து இனிய நீர் கசிகிறது. தேனீக்கு அதுவே விருந்து. ஜனவரி முதல் மார்ச் வரை, சில இடங்களில் ஏப்ரல் வரையிலும், இந்த மூன்று மாதமே கன்னியாகுமரித் தேனின் அறுவடைக் காலம். ஆண்டில் ஒரு கூட்டுக்கு ஆறு முதல் எட்டுக் கிலோ என்பது நம் நாட்டுத் தேனீக்கு நூல்கள் கூறும் பொதுக் கணக்கு. ரப்பர் நன்றாய்ச் சுரக்கும் ஆண்டில் இங்கே அதனினும் மிகுதியாகக் கிடைக்கும்.

தோட்டத்துக்குள் பெட்டிகள் முழங்கால் உயரக் கம்பங்களின் மேல் அமர்ந்திருந்தன. எறும்பு ஏறாதபடி கம்பத்தைச் சுற்றிக் கிண்ணம் போல் நீர் கட்டியிருந்தார்கள். அவற்றுக்குச் சொந்தக்காரர் எழுபதை நெருங்கியவர். எங்களைக் கண்டதும், "செருப்ப அங்கயே விடுங்க சாரே, வாசனத் தைலம் பூசியிருந்தா கிட்ட வராண்டாம்" என்றார். ஈக்கு வாசனை பிடிக்காதாம். சட்டை போடாத உடம்போடு அவர் பெட்டியைத் திறந்தார். தென்னஞ்சவுரியில் புகை மூட்டி ஒரே ஒரு முறை ஊதினார். மேலறைச் சட்டம் ஒன்றைத் தூக்கி வெயிலுக்கு நேரே பிடித்தபோது, வெண்மெழுகு மூடிய அடை விளக்கேற்றியது போல் ஒளிர்ந்தது. "முக்காலும் மூடியிருக்கணும். மூடாத தேன எடுத்தா தண்ணி கூடிப் புளிச்சிரும். அவசரக்காரனுக்கு இந்த வேல கொள்ளாது."

ஈ பசித்திருக்கும் காலத்தைப் பற்றித்தான் அவர் நெடுநேரம் பேசினார். ஜூன் முதல் மூன்று மாதம் மழை. பூவில்லை, தளிரில்லை. பெட்டியில் விட்டுவைத்த தேன் தீர்ந்ததும் சர்க்கரைப் பாகு காய்ச்சி வைக்க வேண்டும். அதற்குக் கைக்காசு செலவாகும். தேன் விற்ற பணம் அப்போது கையில் இராது. பாகு வைக்காதவன் பெட்டி ஆவணியில் வெறும் பலகை. மழை ஓய்ந்ததும் கூட்டம் பெருகும். அப்போது ஒன்றை இரண்டாய்ப் பிரிக்க வேண்டும். ராணி ஈயுள்ள சட்டங்கள் ஒருபுறம், ராணி முட்டை வளரும் சட்டங்கள் ஒருபுறம். பிரிக்கத் தவறினால் பாதிக் கூட்டம் தானே பிரிந்து பறந்துவிடும். "பெட்டிய நிதம் பாக்கணும்; ஆனா நிதம் தொறக்கப்பிடாது" என்றார். வெளியே நின்றே வாசலைப் பார்த்து உள்ளே நடப்பதைச் சொல்லிவிடுகிறார். மகரந்தம் சுமந்து வந்தால் ராணி முட்டையிடுகிறாள். வாசலில் ஈக்கள் தாடிபோல் தொங்கினால் இடம் போதவில்லை. செத்த புழுவை வெளியே இழுத்துப் போட்டால் நோய்.

அப்பெட்டிகளின் தேன்தான் அவருடைய இரு பெண்மக்களையும் செவிலியர் படிப்புப் படிக்க வைத்தது. வேறு நிலம் அவருக்கு இல்லை. தோட்டம் பிறருடையது. தேனீக்கு வேலியில்லை என்பதால், நிலமற்றவன் பிறர் நிலத்தில் எவருக்கும் இழப்பின்றி அறுவடை செய்யும் தொழில் இது ஒன்றே என்று கூறலாம். மகரந்தச் சேர்க்கையால் அடுத்த தோட்டக்காரனுக்கும் ஆதாயம்.

1991, 1992

அவர் குரல் தாழ்ந்தது நோயைப் பற்றிப் பேசியபோதுதான். 1976-இல் தாய்லாந்தில் நம் அடுக்குத்தேனீ இனத்தில் கண்டறியப்பட்ட வைரசு நோய் ஒன்று 1991, 92 ஆண்டுகளில் தென்னிந்தியாவைத் தாக்கியது. தாய்ச் சாக்குப்புழு நோய் என்பார்கள். புழு கூட்டுப்புழுவாக மாறும் முன்பே இறந்து, நீர் நிறைந்த சிறு பையாகி, தலை நிமிர்ந்து அறையிலேயே கிடக்கும். மருந்து கிடையாது. இரண்டே ஆண்டுகளில் தென்னிந்தியத் தேன்கூடுகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அழிந்தன. அவரிடம் இருந்த எண்பது பெட்டிகளில் எஞ்சியவை மூன்று. கடனுக்கு வாங்கிய தேன் கருவி திண்ணையில் துருப்பிடித்தது. பலர் பெட்டியை அடுப்பில் வைத்து எரித்துவிட்டு ரப்பர் வெட்டப் போனார்கள். வேறு சிலர் வளைகுடாவுக்குக் கப்பலேறினார்கள்.

இவர் எரிக்கவில்லை. மூன்று கூட்டம் ஏன் சாகவில்லை என்ற கேள்வி அவரை விடவில்லையாம். அம்மூன்றையே பிரித்துப் பிரித்துப் பெருக்கினார். நோய் கண்ட கூட்டத்தைப் பிரிப்பதே இல்லை. இப்படி ஆங்காங்கே தாங்கி நின்ற கூட்டங்களிலிருந்தே இத்தொழில் மீண்டும் தளிர்த்தது. இடையில் நோய் தாங்கும் இத்தாலியத் தேனீயை வெளியிலிருந்து கொண்டுவந்தும் பார்த்தனர். அதற்குப் பெரிய பெட்டி, பெருந்தீனி, கூடுதல் முதல் எல்லாம் வேண்டும். வசதியுள்ளவர்க்கு அது தகும். புழக்கடையில் ஐந்து பெட்டி வைத்திருக்கும் தாய்மாருக்கு நாட்டு ஈயே துணை.

அன்று அழிவைத் தாங்க உதவியது மருந்தோ மானியமோ அன்று. பெட்டியைத் தச்சர் செய்யத் தெரிந்திருந்தது. கூட்டத்தைப் பிரிக்க அண்டைவீட்டாருக்குத் தெரிந்திருந்தது. சங்கம் சாகாமல் இருந்தது. வெளியிலிருந்து வந்த கலை ஊருக்குள் சொந்தமாகிவிட்டதா என்பதற்கு இதைவிட நல்ல தேர்வு வேறில்லை.

இழையும் தேனும்

இதே வட்டாரத்தில் இன்னொரு கைத்தொழிலும் வெளியிலிருந்து வந்து வேர்விட்டது. நாகர்கோவிலில் லண்டன் மிஷன் போதகரின் துணைவி மார்த்தா மால்ட் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே பெண்களுக்கு இழைப்பின்னல் கற்பித்தார். மார்த்தாண்டத்துக்கு அருகிலுள்ள முளகுமூட்டுக்கு 1897-இல் பெல்ஜியத்திலிருந்து வந்த அன்னை மரிய லூயிஸ் தெ மேஸ்தரின் கன்னியர் மடத்திலும் ஆதரவற்ற சிறுமியர் ஊசியும் நூலும் கொண்டு பிழைக்கக் கற்றனர். படியாத பெண் தன் கையால் காசு காணக் கற்ற அந்நாள் இம்மாவட்டத்தில் பெரிய நாள். ஆயினும் இழையை விரும்பி வாங்கியவர் கடலுக்கு அப்பால் இருந்தார். அங்கே மேசைவிரிப்பின் நாகரிகம் மாறினால் இங்கே அடுப்பு அணையும். தேனுக்கு அந்த அச்சம் குறைவு. விற்காத தேனைப் பிள்ளைக்குக் கொடுக்கலாம், இருமலுக்கும் உதவும். எந்தச் சிறுதொழிலைக் கிராமத்துக்குக் கொண்டு சென்றாலும் அதன் விளைபொருளுக்கு அந்தக் கிராமத்திலேயே ஒரு வாய் உண்டா என்று முதலில் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம். குமரப்பா 1934-இல் தோன்றிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தின் வாயிலாக வலியுறுத்தியதும் ஏறத்தாழ இதுவே.

மார்த்தாண்டத்தில் கற்றதை ஹாட்ச் 1940-களில் மெக்சிகோவுக்கு எடுத்துச் சென்றார். தெபோஸ்த்லான் என்ற மலையடிவார ஊருக்கு அருகே அதே முறையில் ஒரு நிலையம் அமைத்தார். அமெரிக்கர் ஒருவர் இந்தியச் சிற்றூரில் கற்றுத் தேர்ந்து, தம் அண்டை நாட்டுக்கு அதைக் கொண்டுபோனார் என்பதை நம் இளைஞர் நினைவில் வைத்தால் நன்று. பின்னர் 1970-களில் கென்யாவிலும் இதே பாடம் வேறு உருவில் எழுதப்பட்டது. அங்குள்ள குடியானவர் மரத்தண்டைக் குடைந்து மரத்தில் தொங்கவிடும் வழக்கம் உடையவர். நுட்பமான சட்டங்கள் செய்யத் தச்சுக்கூலி கட்டாது. எனவே சட்டத்தையே நீக்கி, மேலே வரிசையாய்க் கட்டைகள் மட்டும் வைத்த தொட்டி போன்ற பெட்டியை வடிவமைத்தனர். அடை அக்கட்டையிலிருந்து தொங்கும், ஒவ்வொன்றாய்த் தூக்கலாம். அளக்க வேண்டியது கட்டையின் அகலம் ஒன்றே. அதையும் அங்குள்ள ஈக்கு ஏற்றபடி அளந்தார்கள்.

வெறும் பெட்டிகள்

எல்லாம் இனிது என்று எழுதினால் அது உண்மையாகாது. வேறோர் ஊரில், ஒரு வீட்டுத் திண்ணையில், வண்ணம் கூட மங்காத பத்துப் பெட்டிகளைக் கண்டோம். ஒன்றில் கோழி அடைகாத்தது. ஒரு நிறுவனம் இலவசமாய் வழங்கியதாம். மூன்று நாள் பயிற்சி, ஒரு புகைப்படம், அதோடு சரி. அடுத்த மழைக்குப் பாகு வைக்க வேண்டும் என்று சொல்ல எவரும் திரும்பி வரவில்லை. அவ்வீட்டு அம்மாள், "எங்களுக்குத் தேனீ கைராசி இல்ல" என்று தம்மையே நொந்துகொண்டார். அவருடைய கையில் குற்றம் ஏதுமில்லை. பெட்டி கொடுப்பது ஒரு நாள் வேலை. ஓராண்டு உடனிருப்பதே உதவி. நம் பங்குகளில் சுயஉதவிக் குழுக்களுக்குத் தொழில் கற்பிக்க விரும்புவோர், பத்துப் பெட்டிக்கான பணத்தில் இரண்டு பெட்டி வாங்கிவிட்டு, மீதியை ஓர் அனுபவசாலி மாதம் ஒருமுறை வந்துபோகும் செலவுக்கு வைப்பாராயின் நற்பலன் காண்பர்.

வேறு கவலைகளும் உள. ஜனவரி, பெப்ருவரியில் காலந்தவறி மழை பெய்தால் தளிரில் கசிந்த இனிப்பு கழுவுண்டு போகிறது. பழைய ரப்பரை வெட்டிப் புதுக்கன்று நட்டால் தளிர் பெருகும் வரை சில ஆண்டுகள் அத்தோட்டம் ஈக்குப் பாலை. வாழைக்கும் காய்கறிக்கும் தெளிக்கும் நஞ்சு வேறு. சர்க்கரைப் பாகைத் தேனென்று மலிவாய் விற்பவன் நேர்மையாளனின் விலையையும் சேர்த்துக் கெடுக்கிறான். 2023-இல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயரைக் காக்க அது உதவும். பெயருக்கு உரிய தேனைத் தருவதற்கு ஆள் வேண்டுமே! பெரியவரின் மக்களில் எவரும் இத்தொழிலுக்கு வரவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் மட்டும், ஐ.டி.ஐ. முடித்து வேலைக்குக் காத்திருப்பவன், விடுமுறை நாளில் வந்து சட்டம் பிடிக்கிறானாம். "இன்னும் கொட்டு வாங்கினா அழுவான். ஆனா ஈய நசுக்காம கை வைக்கத் தெரியும். அது போதும்" என்று பெரியவர் சொன்னார்.

அன்று மாலை அப்பெட்டிகளில் பன்னிரண்டை மேல்தோட்டத்துக்கு மாற்றுவதாய் இருந்தது. அங்கே தளிர் சற்றுத் தாமதம். பகலில் தூக்கினால் வெளியே சென்ற ஈக்கள் வீடிழக்கும். ஆகவே இருள் கவியும் வரை காத்திருந்தோம். கடைசி ஈ உள்ளே நுழைந்ததும் பையன் ஒவ்வொரு வாசலையும் கம்பிவலைத் துண்டால் அடைத்தான். பெரியவர் ஒவ்வொரு பெட்டியிலும் காதை வைத்துக் கேட்டு, கயிறு போட்டு இறுக்கினார். ஜீப்பு வந்து பெட்டிகள் ஏறின. எட்டாவது பெட்டியில் மட்டும் அவர் இரண்டாம் முறையும் காதை வைத்தார். "இது இங்கயே நிக்கட்டு. ராணி புதுசு" என்று அதன் வாசல் வலையை மீண்டும் எடுத்துவிட்டார். மற்றப் பதினொன்றோடு வண்டி மலைப்பாதையில் ஏறியது.